திருவண்ணாமலையில் வளர்ந்தவரும் 11 கிலோ பொட்டியும்

புது மாடல் வரப்போகுதுன்னு சேதி கசிஞ்சாலே, கடையில் இருக்கிற பழைய மாடலை யாரும் சீந்த மாட்டாங்க. கணினி உலகத்துல இதுக்கு 'ஆஸ்போர்ன் விளைவு'ன்னு பேரே வச்சிருக்காங்க மக்களே.

அந்த ஆடம் ஆஸ்போர்ன் நமக்கு அந்நியர் இல்லை. 1939ல் பாங்காக்கில் பிறந்தாலும், சின்ன வயசில் வளர்ந்தது நம்ம திருவண்ணாமலையில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தர்.

1981 ஏப்ரலில் அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன் 1' வந்தது. விலை 1795 டாலர். எடை சுமார் 11 கிலோ, திரை வெறும் 5 அங்குலம். ஆனா மூடி, கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் எல்லாம் அந்த விலைக்குள்ளேயே! பொட்டி பிச்சுக்கிட்டுப் போச்சு.

1983ல் அடுத்த மாடல் 'எக்ஸிக்யூடிவ்' பத்தி முன்கூட்டியே பேசினார். பழசு தேங்கிப்போய், செப்டம்பரில் கம்பெனி திவால். தன் வாயாலேயே ஆப்பு வச்சுக்கிட்டார்னு கதையை முடிச்சிட்டாங்க.

எனக்கு இது அநியாயமாப் படுது. 1982லேயே கேப்ரோ 9 அங்குலத் திரையோட வந்தாச்சு. 1983ல் காம்பேக், ஐபிஎம் மென்பொருள் ஓடுற தூக்குப்பொட்டியையே விற்க ஆரம்பிச்சது. ஆஸ்போர்ன் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தாலும் அந்த 5 அங்குலம் எத்தனை நாள் தாக்குப்பிடிச்சிருக்கும்?

2003ல் கொடைக்கானலில் காலமானார். தூக்கிட்டுப் போற கணினிக்குச் சந்தை உண்டுன்னு காட்டினவர் பேரு, ஒரு சறுக்கலுக்கு மட்டும் நிலைச்சுப் போச்சு. நியாயமா? நீங்களே சொல்லுங்க.