செவிவழி வந்த பிரெஞ்சு

புதுச்சேரித் தமிழரிடம் பிரெஞ்சுச் சொற்கள் வந்து சேர்ந்த வழி ஏடா, செவியா? அச்சொற்களின் வடிவமே இதற்கு விடை கூறும்.

பிரெஞ்சு மொழியில் ஈற்றெழுத்துப் பல இடங்களில் எழுதப்படும், ஒலிக்கப்படாது. போர்வீரனைக் குறிக்கும் சொல்லின் இறுதியிலும் அவ்வாறே ஒரு தகரம் உண்டு. ஏட்டைப் பார்த்துக் கற்றவராயின் அதனைச் 'சொல்தாத்து' என்றிருப்பர். புதுவையாரோ 'சொல்தா' என்றே வழங்கினர். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து, ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பியவருக்குத் தெருவார் இட்ட பெயர் அது.

இவ்வழக்கம் பழமையானது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கியவர். அவர் பிரெஞ்சுக்காரரை 'முசே' என்று குறிக்கிறார். அச்சொல்லைப் பிரெஞ்சில் எழுதுங்கால் இடையில் ஒரு னகரமும் இறுதியில் ஒரு ரகரமும் வரும். இரண்டும் ஒலிப்பதில்லை, பிள்ளையின் ஏட்டிலும் இரண்டும் இல்லை. காதில் விழுந்ததையே அவர் கை எழுதியது. துய்ப்ளேக்சின் மனைவியார், அதாவது பிள்ளை குறிப்பிடும் 'மதாம்', புதுச்சேரியிலே பிறந்து தமிழும் அறிந்தவர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. கற்றல் இருபுறமும் நடந்தது.

ஆயினும் கண்ட சொல்லையெல்லாம் பிரெஞ்சின் கொடை என்றல் தகாது. 'குசினி' என்பதை அங்ஙனம் கூறுவாருளர். பிரெஞ்சு ஆட்சியே காணாத யாழ்ப்பாணத்திலும் அது வழங்குகிறது. அங்கு ஆண்டவர் போர்த்துக்கேயர். ஆதலின் அது போர்த்துக்கேயச் சொல்லாதலே பொருந்தும்.

ஏட்டுக்கல்வி பின்னரே வலுப்பெற்றது. 1826இல் அரசுக் கல்லூரி தோன்றிற்று. மூசே, துய்ப்புயி என்னும் பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855, 1862ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 'பொன்ழூர்' என வணக்கத்தை எழுதுவோர் நம் சிறப்பு ழகரத்தைப் பிரெஞ்சொலிக்குக் கடன் தந்தனர். ஒலி வேறு, எனக்கு இது முழுவதும் உடன்பாடன்று.

1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் பிரெஞ்சு பிழைப்போடு பிணைந்தது. தம் குல சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்றவர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். குடும்பப் பெயரும் பூண்டனர். பிறப்பு இறப்புப் பதிவகம் 'எத்தா சிவில்' ஆயிற்று. இவ்விரு சொற்களிலும் ஈற்றுத் தகரம் மறைந்திருத்தல் காண்க. அலுவலகப் பலகணியில் நின்று கேட்டுக் கற்றவை அவை. இத்தகைய கல்வியைத் தாழ்வாக எண்ணுவார் பலர். யான் அங்ஙனம் எண்ணேன். எங்கள் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பள்ளியே காணாத முதியவர் சந்தையில் மலாய் கற்று வாணிகம் செய்தனர். தேர்வில் வென்ற மாணவர் சிலர் அதே சந்தையில் வாய் திறக்கத் தயங்குகின்றனர்.

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியவர்க்கு ஆறு திங்கள் தவணை தரப்பட்டது. சில ஆயிரவர் அதனைத் தேர்ந்துகொண்டனர். அவர்களுள் எளிய சொல்தாக் குடும்பத்தாரும் இருந்தனர். ஓய்வூதியமும் குடியுரிமையும் 'எத்தா சிவில்' ஏட்டில் பதிந்த பெயரையே பற்றி நின்றன.