பெருவழியும் திருவீதியும்

தருமபுரிக்குத் தகடூர் என்பது பழம்பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாற்றை இந்நாட்டுச் சிறுவரும் அறிவர். அம்மரபின் பெயரைத் தாங்கிய பெருவழி ஒன்று பிற்காலத்தில் இம்மண்ணின் ஊடே சென்றது என்பதையும், அவ்வழியில் நாட்டப்பெற்ற கற்கள் தருமபுரி வட்டாரத்திலேயே கிடைத்துள்ளன என்பதையும் அறிந்தோர் சிலரே. கனி பெற்ற புகழைக் கல் பெறவில்லை.

அக்கற்கள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் உள்ள வாசகம் மிகச் சிறியது. வழியின் பெயர் அதியமான் பெருவழி. அது செல்லும் இடம் நாவல் தாவளம். அவ்விடத்துக்கு இன்னும் இத்தனை காதம். ஒரு கல்லில் 29 காதம் என்றும் மற்றொரு கல்லில் 27 காதம் என்றும் காண்கிறது. தாவளம் என்பது வணிகர் தங்கிச் செல்லும் இடம். காதம் என்பது ஏறத்தாழ ஏழரை நாழிகை நடையில் கடக்கும் தொலைவு என்பது பழங்கணக்கு. வழியின் பெயர், சேருமிடம், எஞ்சிய தொலைவு ஆகிய மூன்றையுமே இன்றைய நெடுஞ்சாலைப் பலகையும் சொல்லுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இதில் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ ஒன்றும் இல்லாமற்போயிற்று.

ஆயினும் அக்கல்லின் பெருமை எழுத்தில் இல்லை. எழுத்தின் அருகே உள்ள குழிகளில் உள்ளது. 29 என்னும் எண்ணைத் தமிழ் இலக்கத்தில் வெட்டிய சிற்பி, அதனோடு நில்லாமல் பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் குடைந்து வைத்தான். பெருங்குழி ஒன்று பத்துக் காதம். சிறுகுழி ஒன்று ஒரு காதம். எழுத்தறியாத வண்டிக்காரனும், பொதிமாடு ஓட்டி வரும் உப்பு வாணிகனும், பிறநாட்டு மொழி பேசுவோனும் கண்ணால் கண்டோ, இருட்டு வேளையில் விரலால் தடவியோ தொலைவை எண்ணிக் கொள்ளலாம். வழி என்பது கற்றவனுக்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் ஒருவர் உள்ளத்தில் இருந்தாலன்றி இக்குழிகள் தோன்றியிரா. அரசனோ, அதிகாரியோ, வணிகர் குழுவோ, அந்த ஒருவர் எவராயினும் வணங்கத் தக்கவர்.

தகடூர் நாட்டின் அமைப்பே இத்தகைய வழியை வேண்டி நின்றது. தெற்கே சேலத்துச் சமவெளியிலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வருவோரும், மேற்கே காவிரிக் கரையிலிருந்து வருவோரும், வடக்கே மைசூர் மேட்டு நிலத்தை நோக்கிச் செல்வோரும் கூடும் இடம் இது. இன்று திருநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே போவதும் இந்நில அமைப்பின் காரணத்தாலேயே. தொப்பூர்ச் சரிவில் பாரவண்டிகளுக்கு நேர்ந்த விபத்துகள் பல. அங்கே எச்சரிக்கைப் பலகை எழுத்தால் மட்டும் பேசுவதில்லை. படத்தாலும் நிறத்தாலும் பேசுகிறது. தொலைவுக் கல்லின் தலையில் மஞ்சள் பூசினால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசினால் மாநில நெடுஞ்சாலை என்னும் குறிப்பும் அவ்வாறே. குழி நிறமாகியது, கருத்து மாறவில்லை.

பெருவழி அரசு காத்தது என்றால் ஊர்த்தெருவை ஊரே காத்தது. உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த செய்தி 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பராந்தக சோழன் கல்வெட்டுகளால் நன்கு அறியப்பட்டதே. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்பவை எல்லோர் நாவிலும் உள்ளன. தடிவழி வாரியம் என்ற பெயரும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. தடி என்பது வயல். வயலுக்குச் செல்லும் வழி அடைபட்டால் விளைந்த நெல் வீடு வந்து சேராது. அதற்கென ஒரு வாரியம் வைத்தது வியப்பன்று. மேலும் அக்காலத்து நில விற்பனை ஆவணங்களில் ஒரு நிலத்தின் இருப்பிடத்தை இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்றே எழுதினர். வதிக்கும் வாய்க்காலுக்கும் தெய்வங்களின் பெயரையும் மன்னரின் பெயரையும் இட்டு வழங்கினர். வதி மறைந்தால் நிலத்தின் விலாசமே மறையும். ஆதலின் வழியைக் காப்பது தன் உடைமையைக் காப்பதாகவும் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊர்களின் கணக்கைக் கல்வெட்டில் படிப்போர், வரிக்கு உரிய நிலத்தைச் சொல்லும் முன் ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து வைத்திருப்பதைக் காண்பர். எவர் ஒருவருக்கும் உரியதல்லாதது எல்லோருக்கும் உரியது என்பதே அக்கழிவின் பொருள். பின்னாளில் புறம்போக்கு என்ற சொல் இத்தகைய நிலத்துக்கு வழங்கலாயிற்று. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் நாடு கும்பெனியார் கைக்கு மாறியபின், கர்னல் அலெக்சாண்டர் ரீடும் அவர்க்குத் துணைவராகித் தருமபுரியில் தங்கிப் பணிபுரிந்த தாமஸ் மன்றோவும் இந்நாட்டை வயல் வயலாக அளக்கச் செய்தனர். அவர்கள் நாடியது வரியே. எனினும் தனியார் நிலத்துக்கு எல்லை கண்டபோதே பொதுவழிக்கும் எல்லை ஏற்பட்டுவிட்டது. இன்று தெருவோரம் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் சர்வே கல்லை அதியமான் கல்லின் தம்பி எனலாம். அண்ணன் வழி காட்டுவான். தம்பி வழியைக் காவல் காப்பான். தம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திண்ணை கட்டுவோர் எக்காலத்தும் உண்டு.

தெருவைக் கெடுப்போருக்குத் தண்டம் விதிப்பதும் பழைய முறையே. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் தெருவில் குப்பை கொட்டினால் அரைக்கால் பணமும், சேற்று நீர் தேங்கச் செய்தால் கால் பணமும், இராசவீதியாயின் இருமடங்கும் தண்டம் கூறுகிறது. நீர்நிலை, கோயில் ஆகியவற்றின் அருகே அசுத்தம் செய்வோருக்குத் தண்டம் ஒரு பணத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. நோயாலோ, மருந்தாலோ, அச்சத்தாலோ நேர்ந்ததாயின் தண்டம் இல்லை என்றும் அந்நூல் சேர்த்துச் சொல்லுகிறது. கடுமையிலும் இரக்கம் கலந்த அந்த வரம்பை இன்றைய நகராட்சியாரும் எண்ணிப் பார்க்கலாம்.

கோயிலை நடுவே கொண்ட ஊரில் தெருவின் அகலத்தைத் தேர் அளந்தது எனலாம். தேர் திரும்பும் மூலையில் ஒரு முழம் குறைந்தாலும் விழா நின்றுவிடும். ஆதலால் மாடவீதியில் ஆக்கிரமிப்பு ஏறாமல் தடுத்த பெருங்காவலன் தேரே. திருவரங்கத்தில் ஒவ்வொரு திருச்சுற்றும் ஒரு திருவீதியாகி, அதனை எடுப்பித்த மன்னரின் பெயரால் வழங்குகிறது. விக்கிரம சோழனை நினைவூட்டும் அகளங்கன் திருவீதி அவற்றுள் ஒன்று. தருமபுரியிலோ குமாரசாமிப்பேட்டைச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தைப்பூசத் தேரோட்டத்தில் மகளிரே வடம் பிடிக்கும் அரிய வழக்கம் நிலவுகிறது. ஆண்டில் பிற நாளெல்லாம் கடைக்கும் வேலைக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் தெருவின் நடுவே அன்று அவர்கள் ஆயிரக்கணக்கில் நின்று தேரை நகர்த்துகின்றனர்.

திருவீதியின் பெருமையைப் பேசுவோர் அதன் குறையையும் மறைக்கலாகாது. கோயிலைச் சுற்றிய வீதியில் நடப்பதற்கே உரிமையற்றோர் என்று மக்களுள் ஒரு பெரும்பகுதியினரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தனர். மாடும் நாயும் சென்ற தெருவில் மனிதன் செல்லலாகாது என்றனர். திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளுக்காக 1924 மார்ச்சு 30-இல் தொடங்கிய அறப்போரில் தமிழ்நாட்டிலிருந்து ஈ. வெ. இராமசாமி சென்று சிறைப்பட்டார். 1925 நவம்பரில் மூன்று பக்கத்து வீதிகள் யாவர்க்கும் திறக்கப்பட்டன. நான்காவது வீதி 1936-இல் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிக்கை வரை காத்திருந்தது. சென்னை மாகாணத்திலும் 1924-ஆம் ஆண்டிலேயே சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுத் தெரு, பாதை, கிணறு, குளம் ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். அத்தீர்மானம் நிறைவேறி அரசாணையுமாயிற்று. குழி குடைந்து எழுத்தறியாதவனை வழியில் சேர்த்துக் கொண்ட நாட்டில், வழியிலிருந்தே மனிதனை விலக்கிய காலமும் இருந்தது. இரண்டும் நம் வரலாறே.

வழியைக் காப்பதில் இக்காலத்துக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு. முன்னாளில் மழை தெருவை அரித்துப் பள்ளமாக்கியது. இன்று தார் தெருவை மேடாக்குகிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேல் மேலும் மேலும் தார் இடுவதால் வீட்டு வாசலும் கோயில் வாயிலும் தாழ்ந்து, மழைநீர் உள்ளே புகுகிறது. இராசகோபுரத்தின் கீழ்ப்படி மறைந்து போன ஊர்கள் பல. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுத்தளம் இட வேண்டும் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் 2021-இல் ஆணையிட்டார். ஆணையின் அருமை மறு ஆண்டே தெரிந்தது. 2022 ஏப்ரல் 27 விடியலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாவின் சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். சாலை உயர்த்தப்பட்டிருந்ததும் அப்போது பேசப்பட்டது. அதே ஆண்டு சூன் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் காளியம்மன் கோயில் தேர் சாய்ந்து இருவர் உயிரிழந்தனர். தேரின் அச்சும், தெருவின் மட்டமும், மேலே ஓடும் கம்பியும் ஒரே திருப்பணியின் உறுப்புகள் என்பதை இவ்வுயிர்களின் விலை கொடுத்தே ஊர்கள் அறிந்தன.

கோபுரத்துக்குப் பொன் தருவோர்க்குப் பஞ்சமில்லை. சுண்ணமும் வண்ணமும் உபயம் செய்வோரும் பலர். தேர்வீதியின் சாக்கடை மூடிக்கு உபயதாரர் கிடைப்பது அரிது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான், போளூரை அடுத்த திருமலையில் தன் முன்னோன் எழினி செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுக்கி வைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. திருவுருவைப் புதுக்கியவன் பெயர் அங்கே கல்லில் நிலைத்தது. பெருவழிக் கல்லிலோ உளி பிடித்தவன் பெயரும் இல்லை, கூலி கொடுத்தவன் பெயரும் இல்லை. வழியின் பெயர், ஊரின் பெயர், காதத்தின் எண். அவற்றின் அருகே பெருங்குழி இரண்டு, சிறுகுழி ஒன்பது.