கட்டட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு

மூலப்பொருளைத் தோண்டி எடுப்பதிலிருந்து இடித்து அகற்றுவது வரை ஒரு கட்டடம் சுற்றுச்சூழல் மீது ஏற்றும் சுமையை அளக்கும் முறை. இதன் பொது நெறிகளை ஐ.எஸ்.ஓ. 14040, 14044 தரங்கள் வகுக்கின்றன. கட்டடங்களுக்கென ஐரோப்பாவில் 2011இல் ஈ.என். 15978 வெளிவந்தது. அது பொருள் உற்பத்தி, கட்டுமானம், பயன்பாடு, இறுதிக்காலம் எனக் கணக்கைப் பிரிக்கிறது.

விளக்கு, குளிரூட்டி ஆகியவற்றின் மின்செலவு குறையக் குறைய, கட்டுமானப் பொருள்களால் நேரும் உமிழ்வின் பங்கு பெரிதாகிறது. குடியேறும் முன்பே வெளியேறிவிட்ட அந்தக் கரியமில வாயுவைப் பிற்காலச் சிக்கனம் எதுவும் மீட்டுத் தராது. ஆகவே வரைபட நிலையிலேயே மதிப்பிட வேண்டும். கட்டி முடித்தபின் மாற்றுவதற்கு அதிகம் இராது.

பெரும்பாலும் கணக்கில் முதலில் கண்ணில் படுவது சிமென்ட். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் சுட்டுச் சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஆக்கும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. கிளிங்கரின் ஒரு பகுதிக்கு ஈடாக அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பு உலைக் கசடையோ சேர்த்தால் இந்த உமிழ்வு குறையும். பழைய கட்டடத்தின் தூண்களையும் தளங்களையும் இடிக்காமல் புதுப்பிப்பது பல வேளைகளில் இன்னும் கூடுதலாக மிச்சப்படுத்தும்.

டென்மார்க் 2023இல், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு, 50 ஆண்டு வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கில், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயுச் சமானம் என்று உச்சவரம்பு விதித்தது.