புசல்லாவையும் வேர்ம்ஸ் சகோதரரும்

இலங்கைத் தேயிலை வரலாற்றை 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலரோடு தொடங்குவது வழக்கம். ஆயின் 1841இலேயே, ஜெர்மனியின் பிராங்போர்ட் நகரத்தவரான மொறிஸ் வேர்ம்ஸ், கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட புசல்லாவையிற் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டார். தமையன் கேப்ரியலும் பின்னர் வந்து சேர்ந்தார். தாயைப் பெற்ற பாட்டனார் மேயர் அம்செல் றொத்சைல்ட்; அப்பெயரே தோட்டத்துக்காயிற்று.

தேயிலை கட்டுபடியாகவில்லை, கோப்பியே செல்வம் ஈந்தது. ஊரை இவர்கள் நிறுவினர் எனல் மிகை. அது பழைய சிங்களக் கிராமம். தோட்டங்களைச் சார்ந்தே கடைவீதி வளர்ந்தது. காடு வெட்டியோரோ மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த தமிழர். வழியில் வாந்திபேதியால் மாண்டோரை எவரும் செவ்வனே எண்ணினாரல்லர்.

1865இல் சகோதரர் தம் தோட்டங்களை இலங்கைக் கம்பனிக்கு 1,57,000 பவுணுக்கு விற்றகன்றனர். றொத்சைல்ட் என்னும் பெயர் மட்டும் தோட்டத்தோடு நின்றுவிட்டது.