தவறணைச் சங்கிலி: மலிவுக் கடையால் குடிக்கிறவருக்கு என்ன லாபம், என்ன நட்டம்?

தவறணை என்ற சொல்லை இப்ப நாங்கள் பெரும்பாலும் பகிடிக்குத்தான் பாவிக்கிறோம். ஆனால் அது பழைய சொல். போர்த்துக்கேயரின் ‘தவெர்ணா’ கரையோரத்தில் இறங்கி, எங்கள் வாயில் தவறணையாகித் தங்கிவிட்டது. கள்ளு எங்களுடையது. அதை அனுமதி பெற்ற கடையில் இருந்து குடிப்பதற்கான பெயர் மட்டும் கடல்வழி வந்தது.

இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்கும் கேள்வி சின்னது. ஒரே கையில், ஒரே மாதிரி, ஊர் முழுக்கத் திறக்கப்படும் மலிவுக் கடைச் சங்கிலி குடிக்கிறவருக்கு நல்லதா, கெட்டதா? இங்கிலாந்தில் ஏல் குடிப்பவர்கள் இதைப் பற்றி நாற்பது வருடத்துக்கு மேலாக வாக்குவாதப்படுகிறார்கள். கொழும்பில் இதே கேள்விக்கு இன்னும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. அதை யாரும் ‘பப்’ என்று சொல்லாததால் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

முதலில் இங்கிலாந்துக் கதை. ஏல் என்பது நாங்கள் வழமையாகக் குடிக்கும் லாகர் பியரை விடக் கொஞ்சம் கூடின வெப்பத்தில் புளிக்க வைக்கப்படும் பியர். ஸ்டவுட் பிறந்ததும் அந்தக் குடும்பத்தில்தான். 1970களில் அங்கே ஒரு சில பெரிய ஆலைகளே பெரும்பாலான பப்புகளுக்குச் சொந்தக்காரர். ஆலையின் பப் என்றால் ஆலையின் பியர் மட்டும்தான் கிடைக்கும். பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு புளித்துக்கொண்டிருக்கும் பழைய ஏலை விட்டுவிட்டு, காஸ் அடித்த பியரை எல்லா இடமும் தள்ளினார்கள். இதை எதிர்த்து 1971இல் ‘கம்ரா’ என்ற அமைப்பு உருவானது. குடிக்கிற சாதாரண ஆட்கள் சேர்ந்து, “எங்கட கிளாசுக்குள்ள என்ன ஊத்துறீங்கள்?” என்று கேட்ட இயக்கம் அது.

1979இல் ரிம் மார்ட்டின் என்பவர் வட லண்டனில் ஒரு பப் திறந்தார். அதுதான் பிறகு வெதர்ஸ்பூன் சங்கிலியாக வளர்ந்தது. அது எந்த ஆலைக்கும் கட்டுப்பட்டதல்ல. பல ஆலைகளிடம் மொத்தமாக வாங்கி, பக்கத்துக் கடையை விடக் குறைந்த விலைக்கு விற்றது. மூடிக் கிடந்த தியேட்டர், பழைய வங்கிக் கட்டடம் எல்லாம் பப்பாக மாறின. பாட்டுச் சத்தம் இல்லை. பென்சன்காரரும் மாணவரும் ஒரு கிளாசோடு மணிக்கணக்கில் இருக்கலாம். கம்ராவே ஒரு காலத்தில் தன் உறுப்பினர்களுக்கு வெதர்ஸ்பூனில் பாவிக்கக் கழிவுச் சீட்டுக் கொடுத்தது.

மறுபக்கமும் இருக்கு. அந்த விலைக்குப் பக்கத்துத் தெருவின் சின்ன பப்பால் விற்க முடியாது. மொத்தமாக வாங்குகிறவர் விலையை நெருக்கும்போது சின்ன ஆலைக்கு மூச்சு முட்டும். எந்த ஊருக்குப் போனாலும் அதே மெனு. கம்பெனி ஒருநாள் “இந்தக் கிளை எங்களுக்குக் கட்டாது” என்று மூடிவிட்டால், பக்கத்துக் கடை அதற்கு முன்னமே மூடியிருக்கும். ஆகவே ஏல் குடிப்பவர் இரண்டு மனதோடுதான் அந்தக் கதவைத் தள்ளுகிறார்.

இப்ப கொழும்புக்கு வருவோம்.

பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டு முழுக்க, சாராயம் சில்லறையாக விற்கும் உரிமை ஏலத்தில் போனது. ஒரு பகுதியின் குத்தகையை வென்றவர் அந்தப் பகுதித் தவறணைகளைத் தானே நடத்துவார், அல்லது உள்குத்தகைக்கு விடுவார். அந்த எல்லைக்குள் வேறு யாரும் விற்கக் கூடாது. யோசித்துப் பாருங்கோ, இதுவும் ஒரு கடைச் சங்கிலிதான். ஒரே முதலாளி, ஒரே சரக்கு, சந்திக்குச் சந்தி கடை. வெதர்ஸ்பூனுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வெதர்ஸ்பூன் பிடிக்காவிட்டால் தெருவைக் கடந்து இன்னொரு கடைக்குப் போகலாம். குத்தகைக்காரரின் தவறணை பிடிக்காவிட்டால் போக இடமில்லை. களவாகத்தான் குடிக்க வேண்டும்.

இதில் குடிக்கிறவருக்குக் கிடைத்த லாபம், கடை கிட்ட இருந்தது என்பதுதான். அந்தக் காலத்தில் கொழும்பு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1875இல் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள், 1885இல் அது முடிந்தது. காலித் துறைமுகத்தின் இடத்தைக் கொழும்பு பிடித்தது. கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் துறைமுகத்தை நம்பி வாழும் ஆட்களால் நிறைந்தன. வெள்ளவத்தையில் அந்த நூற்றாண்டின் கடைசியில் நூல், நெசவு ஆலை வந்தது. மூட்டை சுமந்தவருக்கும் தறியில் நின்றவருக்கும் வேலை முடிந்து இருக்க, பேச, உடம்பு நோவை மறக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. காசில்லாதவருக்கு நகரம் கொடுத்த சில இடங்களில் தவறணையும் ஒன்று.

நட்டம், கிளாசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வழி இல்லாதது. தண்ணீர் கலப்பு, அளவுக் குறைவு, ஏலத்தில் குத்தகைக்காரர் தங்களுக்குள் பேசி வைத்து விலையை அமுக்குவது என்று முறைப்பாடுகள் தொடர்ந்து இருந்தன. அரசாங்கத்துக்கு வருமானம் வந்தால் சரி. குத்தகைக்காரருக்கு இலாபம் வந்தால் சரி. குடிக்கிறவர் இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான்.

அந்த வரவு எங்கே போனது என்பதை நாங்கள் இன்றும் பார்க்கலாம். மொரட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா சாராயக் குத்தகையில் சேர்த்த பணத்தைக் காப்பித் தோட்டங்களில் போட்டார். அவருடைய மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா நாட்டின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவரானார், கொடை வள்ளல் என்றும் பெயரெடுத்தார். 1879இல் தொடங்கிய டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி அவருடைய கொடை. கொழும்பில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் கனபேருடைய பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கும். இலங்கையின் புதிய பணக்கார வகுப்பு உருவானதில் சாராயக் குத்தகைக்கு இருந்த பங்கைக் குமாரி ஜயவர்தன தன் ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். குடித்தவர்களின் சில்லறை ஆஸ்பத்திரியாகவும் தோட்டமாகவும் மாளிகையாகவும் மாறியது. அவர்களுடைய கிளாஸ் மட்டும் மாறவில்லை.

அதே காலத்தில் ஏல் இந்த நகரத்தில் வேறொரு வாசலால் வந்தது. பீப்பாயிலும் போத்தலிலும் கப்பல் ஏறி வந்த பிரித்தானியப் பியர் கிளப்புகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போனது. 1864இல் கோல்பேஸ் ஹோட்டல், 1875இல் துறைமுகத்துக்கு முன்னால் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல். கொட்டாஞ்சேனையில் இருந்து அங்கே நடந்து போகலாம். ஆனால் உள்ளே போக முடியாது. மலிவான இடத்தில் தெரிவு இல்லை, தெரிவு உள்ள இடம் மலிவு இல்லை. அன்றைக்குக் கொழும்பு போட்ட இந்தக் கோடு இன்னும் முழுசாக அழியவில்லை.

20ஆம் நூற்றாண்டில் குத்தகைச் சங்கிலி உடைந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, தனிக் கள்ளுத் தவறணைகளைத் திறக்க வழி செய்தது. புதுக் கடைகள் வரப்போகுது என்றதும் 1904இலேயே கிளம்பியிருந்த மதுவிலக்கு இயக்கம் மறுபடி பெரிதாக எழுந்தது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க போன்றவர்கள் அந்த மேடைகளில் வளர்ந்துதான் தேசிய அரசியலுக்கு வந்தார்கள். பிறகு, ஊர்க்காரர் வாக்களித்துத் தங்கள் ஊர்த் தவறணையை மூடும் முறையும் வந்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் கதை இங்கிலாந்துக் கதையில் இருந்து பிரிகிறது. அங்கே குடிக்கிறவர்களே ஒரு இயக்கம் கட்டினார்கள். இங்கே பெரிய இயக்கம் குடிக்கு எதிராகத்தான் இருந்தது. அதற்கு நியாயம் உண்டு. சம்பள நாளில் காசு வீட்டுக்கு வராத குடும்பங்களின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அரசுக்குக் குடிக்கிறவர் வரி, சீர்திருத்தக்காரருக்கு அவர் பாவி, முதலாளிக்கு அவர் இலாபம். தரமான சரக்கு, சரியான அளவு, கௌரவமாக இருக்க ஒரு கதிரை கேட்கக்கூடிய ஒரு வாடிக்கையாளராக அவரை யாரும் பார்க்கவில்லை.

பியரின் கதையும் கடைசியில் ஒரு கையில்தான் போய் நின்றது. 1849இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பியர் வடித்துப் பார்த்தார். 1881இல் அங்கே முறையான ஆலை வந்தது. அதன் வழியில் வந்ததுதான் லயன். எட்டுச் சதவீதத்தைத் தாண்டும் லயன் ஸ்டவுட்டை பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் தேடி வந்து குடித்து, உலகத்துக்கு எழுதிச் சொன்னார் (பாடகர் இல்லை, இவர் வேற ஆள்). அவர் வந்த காலத்தில் மலைநாட்டில் அது பீப்பாயில் இருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றப்பட்டது. கம்ராக்காரர் எதற்காகச் சண்டை பிடித்தார்களோ, அது எங்களிடம் சத்தமில்லாமல் இருந்தது. அதைக் காப்பாற்ற இங்கே ஒரு கம்ரா இருக்கவில்லை.

1998இல் உற்பத்தி பியகமவுக்கு இறங்கியது. 2014இல் லயன் தன் போட்டி ஆலையான மில்லர்ஸையும் வாங்கிக்கொண்டது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி பியகம ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. வெளிநாட்டில் இருந்து பியர் இறக்க வேண்டி வந்தது. ஒரே கை என்பது மலிவாகவும் வசதியாகவும் இருக்கும், அந்தக் கை தண்ணிக்குள் போகும் வரைக்கும்.

அப்ப சங்கிலி என்றாலே கூடாதா? அப்படி இல்லை. அது யாருடைய கையில் இருக்கிறது என்பதில்தான் விசயம். வடக்கில் 1972இல் தவறணைக் குத்தகை முறையை நீக்கி, சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் விற்பனையைக் கொடுத்தார்கள். மரம் ஏறுகிறவரே கடைக்கும் பங்குக்காரர் ஆனார். அதுவரை குத்தகைக்காரரிடம் கடன்பட்டு, சாதியால் ஒடுக்கப்பட்டு நின்ற தொழிலாளருக்கு அது பெரிய மாற்றம். இதுக்கு மறுமுனையில் தமிழ்நாட்டின் டாஸ்மாக். 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கி, 2003இல் சில்லறை விற்பனை முழுதையும் எடுத்துக்கொண்ட அரசாங்கச் சங்கிலி அது. கடை அரசுடையது, ஆனால் உள்ளே நிற்பவருக்கு மரியாதையும் இல்லை, தெரிவும் குறைவு. சொந்தக்காரர் அரசு என்பதாலேயே குடிக்கிறவர் வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார்.

இன்றைக்கு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு வைன் ஸ்டோருக்குப் போனால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று காசை நீட்டி, போத்தலைக் கடதாசியில் சுத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். இருந்து குடிக்க வேணுமென்றால் ஹோட்டல் விலை. இரண்டுக்கும் நடுவில், மலிவாக, வெளிச்சமாக, யாரும் இருந்து கதைக்கக்கூடிய இடம் அரிது. ‘யாரும்’ என்ற சொல்லையும் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கு. தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்பது 1979இல் இருந்து உள்ள விதி. 2018 ஜனவரியில் அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி சிறிசேனவின் உத்தரவில் பழைய விதி திரும்பி வந்தது. வெதர்ஸ்பூனைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், கதவு எல்லாருக்கும் திறந்திருக்கு.

ஆகவே எங்கள் கணக்கு இதுதான். மலிவு ஒரு நல்ல விசயம். அதை வசதியுள்ளவரின் மூக்கால் மோந்து பார்த்து ஒதுக்கக் கூடாது. வரி ஏறி விலை எட்டாத உயரத்துக்குப் போனால் ஆட்கள் குடியை விட்டுவிடுவார்கள் என்று எண்ணுவது பிழை; கொஞ்சப் பேர் கசிப்புக்குப் போவார்கள், அதற்கு விலை உயிர். ஆனால் மலிவு மட்டும் போதாது என்பதை இந்த நகரத்தின் பழைய தவறணைகள் நூறு வருடம் காட்டியிருக்கின்றன. இனிமேல் ஒரு மலிவுச் சங்கிலி கொழும்புக்கு வந்தால் அதனிடம் மூன்று கேள்வி கேட்கலாம். உள்ளே யாரை விடுவாய்? எத்தனை ஆலையின் சரக்கை ஊற்றுவாய்? உன்னைப் பிடிக்காவிட்டால் நாங்கள் போக இன்னொரு கடையை மிச்சம் வைப்பாயா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர் மட்டுமில்லை. அனுமதிப் பத்திரம் கொடுக்கிறவர்களும்தான். 1912இன் அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.