பயன் யார் கையில்? வ்ஹுதெமாஸ் பற்றிய ஒரு குறிப்பு

ரஷ்யப் புரட்சியின் கலையென்றதும் சோசலிச யதார்த்தவாதம் பற்றியே நாம் வாதிடுகிறோம். அதற்கு முன்னர் மொஸ்கோவில் நடந்த கலைக்கல்விப் பரிசோதனையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1918இல் அங்கிருந்த பழைய கலைப்பள்ளிகள் 'சுதந்திர அரச கலைக்கூடங்கள்' ஆக்கப்பட்டன. நுழைவுப் பரீட்சை இல்லை; ஆசிரியரை மாணவர்களே தெரிவுசெய்தனர். 1920இல் லெனின் கையொப்பமிட்ட ஆணையால் அவை வ்ஹுதெமாஸ் என்ற உயர்கல்வி நிறுவனமாயின. தொழிற்துறைக்கான கலைஞர்களை உருவாக்குவது அதன் நோக்கம். ஓவியம், கட்டடக்கலை, துணி, அச்சு, உலோகம் என எத்துறை மாணவரும் முதலில் நிறம், வடிவம், வெளி பற்றிய பொதுப்பாடத்தைப் பயின்றனர்.

1921இல் மாணவர் விடுதிக்கு வந்த லெனின், புஷ்கினைப் படிக்கிறீர்களா எனக் கேட்டதைக் குரூப்ஸ்காயா நினைவுகூர்ந்திருக்கிறார். புஷ்கின் பூர்ஷ்வா, நாங்கள் படிப்பது மாயகோவ்ஸ்கியை என்றனர் மாணவர். புஷ்கினே மேல் என்று லெனின் சிரித்தார்.

ஆனால், ஓவியத்தின் காலம் முடிந்ததென முழங்கிப் 'பயன்' என்ற அளவுகோலை முன்வைத்தவர்கள் அங்கே கற்பித்த ரொட்சென்கோ போன்ற கட்டமைப்புவாதிகளே. அவ்வளவுகோல் பின்னர் கட்சியின் கைக்குப் போனது. 1930இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அங்கே கற்று, அங்கேயே கற்பித்த குளுட்சிஸ், ஸ்டாலினைப் போற்றிச் சுவரொட்டிகள் செய்தவர், 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கலை மக்களுக்குப் பயன்படவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அப்பயனைத் தீர்மானிப்பவர் யார் என்பதே எனது கேள்வி. லெனினோடு வாதிட்ட மாணவருக்கு அதில் ஒரு பங்கிருந்தது. 1930இல் அது இருக்கவில்லை.