சாம்பல் ஆண்டில் ஒரு கலீஃபாவின் உணவு

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் (கி.பி. 639) ஹிஜாஸில் மழை பொய்த்து, கடும் பஞ்சம் பரவியது. நிலம் சாம்பலாய்க் காய்ந்த அவ்வாண்டை 'ஆமுர் ரமாதா' என்பர். பசித்த மக்கள் மதீனாவில் வந்து குவிந்தனர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவு வரவழைத்தார்கள். பொதுவில் சமைத்து மக்களுக்குப் பரிமாறச் செய்தார்கள்.

பஞ்சம் நீங்கும்வரை தாம் நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்து, ஆலிவ் எண்ணெயோடு ரொட்டி உண்டார்கள். அதனால் அவர்களின் மேனி நிறமே மாறியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒருநாள் பணியாளர் நாற்பது திர்ஹத்திற்கு நெய்யும் பாலும் வாங்கி வந்தபோது, அவற்றைத் தருமம் செய்துவிடுமாறு பணித்தார்கள். மக்களின் துன்பம் தம்மையும் தொடாவிட்டால் அவர்களின் நிலையை எவ்வாறு உணர்வது என்பதே அவர்களின் கவலை.

நாமோ வலீமா விருந்தில் மிஞ்சிய பிரியாணியைக் குப்பையில் கொட்டுகிறோம். மறுநாள் உதவி கேட்டு வருபவரிடம் கணக்குப் பார்க்கிறோம். இது சிக்கனமன்று. வீண்விரயமும் கஞ்சத்தனமும் ஒரே வீட்டில் குடியிருக்கும் நிலை. நம் ஆணத்தில் குறைத்த எண்ணெயும் இறைச்சியும் அண்டை வீட்டு அடுப்பை எரியச் செய்யுமானால், அதுவே உமர் (ரலி) அவர்கள் வாழ்ந்து காட்டிய சிக்கனம். அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக!